மறந்துபோன பிரெஞ்சு ஓபராவை மீண்டும் மேடையேற்றுவது எப்படி?

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் பாடப்பட்டு, பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக யாரும் தொடாமல் கிடக்கும் ஓர் ஓபராவை மேடைக்குக் கொண்டுவர விரும்பும் இசைக்குழு, நூலகப் பட்டியல்களைப் புரட்டத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும்: அந்தப் படைப்பு ஏன் மறக்கப்பட்டது? எந்தக் காட்சியை வெட்டுவது, விடுபட்டதை யாரைக் கொண்டு எழுதி நிரப்புவது, முழு நாடகமாக நடத்துவதா அல்லது கச்சேரியாகப் பாடினால் போதுமா என்பன போன்ற பிற்பாடு எடுக்க வேண்டிய முடிவுகள் பெரும்பாலும் இந்த விடையைப் பொறுத்தே அமைகின்றன.

அக்காலப் பிரெஞ்சு ஓபரா ஆசிரியர்களான லூலி, காம்ப்ரா, ராமோ ஆகியோரின் படைப்புகளில் பல, தரக்குறைவால் வீழ்ந்தவை அல்ல. 1774இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் க்ளூக் பாரிஸில் புதிய பாணியை நிலைநாட்டிய பின் ரசனை திசைமாறியது. அடுத்து வந்த பிரெஞ்சுப் புரட்சி, தேவர்களும் மன்னர்களும் உலவும் அந்த நாடக வகைக்குப் புரவலர்களே இல்லாமல் செய்துவிட்டது. ராமோவின் கடைசி ஓபராவான 'லே போரேயாத்' கதை வேறு. 1763இல் ஒத்திகை வரை சென்ற அது, அரங்கேறாமலேயே கைவிடப்பட்டது; மறு ஆண்டு ராமோ காலமானார். 1975இல் இசை நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் லண்டனில் கச்சேரியாகவும், 1982இல் எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் விழாவில் மேடை நாடகமாகவும் நிகழ்த்திய பின்னரே அதன் அருமை பரவலாகத் தெரியவந்தது. இத்தகைய படைப்புக்குத் தேவைப்படுவது நல்ல நிகழ்த்துதல் மட்டுமே. அதே ராமோவின் 'டார்டானுஸ்' 1739இல் அரங்கேறியபோது, கதையில் மாயமும் மந்திரமும் அளவுக்கு மீறி மலிந்திருப்பதாகக் குறை சொல்லப்பட்டது. 1744இல் அவர் கடைசி மூன்று அங்கங்களை ஏறத்தாழப் புதிதாகவே எழுதினார். அங்கே பழுது கதையில் இருக்கிறது, இசையில் அன்று. அதைச் சமாளிப்பது இயக்குநரின் வேலை.

இவற்றோடு மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: இசையும் சாதாரணம், கதையும் சாதாரணம் என்பதால் மறக்கப்பட்டவை. மீட்புப் பணியில் இறங்குவோர், தாம் கண்டெடுத்தது எதுவானாலும் அது புதையலே என்று நம்பத் தலைப்படுவது இயல்பு. அந்த மயக்கம் தெளிய, ஹார்ப்சிகார்ட் என்ற அக்கால விசைப்பலகைக் கருவியை வைத்துக்கொண்டு நான்கு பாடகர்களுடன் முழுப் பிரதியையும் ஒரே மாலையில் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாம் அங்கத்தின் நடுவில் பாடுபவர்களே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால், அதில் உள்ள நல்ல பாடல்கள் நான்கைந்தையும் நடனங்களையும் எடுத்துக் கச்சேரியாகத் தொகுத்துவிட்டு, முழு மேடையேற்றத்தை வேறொரு படைப்புக்கு ஒதுக்கலாம்.

முதல் முயற்சிக்கு, முன்னுரையும் (கதைக்கு முன் பாடப்படும் தொடக்கக் காட்சி) ஐந்து அங்கங்களும் கொண்ட 'இசைச் சோகநாடகம்' என்ற பெரிய வடிவத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. மூன்று மணி நேரம் ஓடும் அந்த வடிவம், பெரிய பாடகர் குழுவையும் நடனக் குழுவையும் ஒருசேரக் கேட்கிறது. அதற்குப் பதிலாக 'ஓரங்க பாலே' எனப்படும் சிறிய ஓபராக்கள் அக்காலத்தில் ஏராளமாக எழுதப்பட்டன. ராமோவின் 'பிக்மாலியோன்' (1748) முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். தனிப் பாடகர்கள் நால்வர் போதும். அது இன்று நன்கு அறியப்பட்டுவிட்டதால், அதே அளவில் அதிகம் கேட்கப்படாத ஒன்றைத் தேடுவோர் ரெபெல், ஃப்ரான்கேர் இருவரும் சேர்ந்து எழுதிய 'செலிந்தோர்' (1745) போன்றவற்றைப் பார்க்கலாம். நூற்றாண்டின் பிற்பகுதியை விரும்புவோருக்கு இடையிடையே வசனம் பேசப்படும் நகைச்சுவை ஓபராக்கள் இருக்கின்றன. செவாலியே த சேன்-ழோர்ழ் எழுதியவற்றுள் முழுமையாகக் கிடைத்துள்ள ஒரே ஓபராவான 'லாமான் அனோனிம்' (1780) அவ்வகையைச் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஓபரா 2020இல் அதை இணையவழியில் நிகழ்த்திக் காட்டியது.

பிரதியும் அதன் நடுவில் உள்ள வெற்றிடமும்

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கலிக்கா' மின்னூலகத்தில் அக்காலத்து அச்சுப் பிரதிகளும் கையெழுத்துப் பிரதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரிஸ் ஓபராவின் பழைய ஆவணங்கள், அதே நூலகத்தின் கிளையாகப் பலே கார்னியே கட்டடத்தில் இயங்கும் ஓபரா நூலக அருங்காட்சியகத்தில் உள்ளன. 1987இல் தொடங்கப்பட்ட வெர்சாய் பரோக் இசை மையம் பல படைப்புகளுக்குத் திருத்திய பதிப்புகளை வெளியிட்டு வருவதால், நீங்கள் செய்யவிருக்கும் வேலையை வேறொருவர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறாரா என்பதை முதலில் அங்கே விசாரித்துக்கொள்வது மாதக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தும். ராமோவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. 1895 முதல் 1924 வரை துய்ரான் நிறுவனம் இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் தலைமையில் வெளியிட்ட தொகுதிகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன; ஆனால் அவற்றின் பதிப்பாசிரியர்கள் சிலர் தம் காலத்து ரசனைக்கேற்ப ஆர்க்கெஸ்ட்ராவை மாற்றியும் சேர்த்தும் எழுதியிருக்கிறார்கள். படைப்போடு அறிமுகம் செய்துகொள்ள அவை உதவும், நிகழ்த்துவதற்கு உதவா.

அச்சுப் பிரதி கையில் கிடைத்தவுடன் பக்கத்தைத் திறந்து பார்ப்பவருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டிய இடத்தில் மேலே வயலினுக்கான ஒரு வரி, கீழே எண்கள் குறித்த பேஸ் (அடித்தளக் கீழ்க்குரல்) வரி, அவ்வளவுதான். இடையில் எதுவும் இராது. பிரதி சிதைந்துபோனதன் விளைவு அன்று இது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வகைக் கருவிகளும் பாடகர் குழுவின் உட்குரல்களும் தாங்கிய நடு வரிகளை விட்டுவிட்டுச் 'சுருக்கப் பிரதி'யாக வெளியிடுவது அக்காலத்துப் பாரிஸ் வழக்கம். லூலியின் காலத்து ஆர்க்கெஸ்ட்ரா ஐந்து பகுதிகள் கொண்டது என்பதால் அப்படி விடுபடுவன மூன்று வரிகள். ராமோவின் காலத்தில் ஒரு பகுதி வழக்கொழிந்து நான்காகிவிட்டதால் இரண்டு வரிகள்.

அந்த நடு வரிகளைத் தேட வேண்டிய இடம், ஓபராவில் இசைக்கலைஞர்கள் மேசைமேல் வைத்து வாசித்த தனித்தனிக் கருவிப் பிரதிகள். அவை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அவையும் எளிதில் வழிவிடுவதில்லை. ஒரே பிரதியை முப்பது நாற்பது ஆண்டுகள் மறு அரங்கேற்றங்களுக்கெல்லாம் பயன்படுத்தியதால், வெட்டப்பட்ட பகுதிகள்மேல் சிவப்புப் பென்சிலால் கோடிட்டிருப்பார்கள்; மாற்றி எழுதிய பகுதிகளைத் தனித் தாளில் எழுதிப் பழைய வரிகளை மறைத்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டுத்தாளின் அடியில் ஒரு பதிப்பு, மேலே இன்னொரு பதிப்பு, ஓரத்தில் யாரோ எழுதிய மூன்றாவது திருத்தம் என்று ஒரே பக்கத்தில் மூன்று அரங்கேற்றங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மின்படியில் ஒட்டுத்தாளின் மேற்பக்கம் மட்டுமே தெரியக்கூடும் என்பதால், ஐயம் எழும் பக்கங்களுக்காவது நூலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். நூலகரின் அனுமதியின்றி எந்தத் தாளையும் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

தனியார் ஆர்வலர்களின் சேகரிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். லில் நகரத்து டெக்ருவா என்ற ராமோ ரசிகர், ஆசிரியர் மறைந்த பின்னும் அவருடைய பிரதிகளை விடாமல் திரட்டியும் நகலெடுத்தும் வைத்திருந்தார். அத்தொகுப்பு பிற்பாடு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. அவர் இல்லையென்றால் இன்று நம்மிடம் உள்ள ராமோ மேலும் மெலிந்திருப்பார்.

கருவிப் பிரதிகளும் கிடைக்காத நிலையில், நடு வரிகளைப் புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும். இதற்கு அமர்த்தப்படுபவர் தேர்ந்த இசையமைப்பாளராக இருந்தால் மட்டும் போதாது. அதே ஆசிரியரின் முழுமையாகக் கிடைத்த வேறு படைப்புகளில் வயோலா எங்கே பேஸை ஒட்டி நடக்கிறது, எங்கே விலகுகிறது, பாடகர் குழுவின் நடுக்குரல் எந்த எல்லைக்குள் புழங்குகிறது என்பதை ஊன்றிப் படித்தவராக இருக்க வேண்டும். ஜெர்மானிய முறையில் நடுக்குரல்களைச் செறிவாகப் பின்னிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. பிரெஞ்சு நடுவரிகள் பெரும்பாலும் அடக்கமாக நிரப்பும் இயல்புடையவை. அவை கவனத்தைக் கவர்ந்தால் வேலை தவறாகிவிட்டது என்றே பொருள். புதிதாக எழுதிய சுரங்களைப் பிரதியில் சிறிய எழுத்தில் அச்சிட்டுவிட்டால், எது பழையது எது புதியது என்ற குழப்பம் பின்னால் வருபவர்களுக்கு இராது.

பல பதிப்புகள் உள்ள ஓபராவில் எதைத் தேர்வது என்பதும் இக்கட்டத்திலேயே முடிவாக வேண்டும். 'டார்டானுஸ்' ஓபராவில் எல்லோரும் கேட்க விரும்பும் கனவுக் காட்சி 1739ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது; எல்லோரும் கேட்க விரும்பும் சிறைப் பாடலான 'லியூ ஃப்யுனெஸ்த்' 1744ஆம் ஆண்டுப் பதிப்பில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கோத்துவிடும் ஆசையை அடக்குவது கடினம். ஒரு பதிப்பை அடிப்படையாகக் கொண்டு மற்றதிலிருந்து ஒரே ஒரு பாடலைக் கடன் வாங்குவதில் பெரிய குற்றமில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் கதையின் நியாயமும் சுருதிகளின் ஒழுங்கும் சேர்ந்தே குலைந்துவிடும்.

குரலும் சுருதியும்

பிரெஞ்சு ஓபராவின் நாயகனுக்குரிய குரல் 'ஓத்-கோந்த்ர்' எனப்படும் உயர் ஆண்குரல். கள்ளக்குரலில் பாடும் கவுண்டர்-டெனரும் இதுவும் ஒன்றல்ல. இயல்பான மார்புக் குரலிலேயே மேல் ஸ்தாயியை மென்மையாகத் தொடும் டெனர் இது. ராமோ பல பாத்திரங்களை எழுதியது பியேர் ழெலியோத் என்ற பாடகருக்காக. 'பிளாத்தே' (1745) ஓபராவில் தன்னைப் பேரழகி என்று நம்பும் சதுப்புநிலப் பெண்ணாக நடித்தவரும் அவரே. இக்குரலுக்கான ஆள் கிடைக்கவில்லை என்று பல குழுக்கள் புலம்புவதுண்டு. ஆளைவிடச் சுருதிதான் பெரும்பாலும் சிக்கல். அக்காலப் பாரிஸ் ஓபராவின் சுருதி இன்றைய பொதுச் சுருதியான 440 அதிர்வுகளுக்கு முழுதாக ஒரு சுரம் கீழே, ஏறத்தாழ 392 அதிர்வுகளில் இருந்தது. 392இல் இயல்பாகப் பாடக்கூடிய வரி, 440இல் தொண்டையை நெரிக்கும்.

ஆகவே 392 சுருதியில் செய்யப்பட்ட ஓபோ, புல்லாங்குழல், பசூன் ஆகியவற்றை வாசிப்பவர்களை முதலில் உறுதி செய்துகொண்டு அதற்கேற்ப நிகழ்ச்சித் தேதியைக் குறிப்பதே முறை. அக்கருவிகள் எல்லோரிடமும் இருப்பதில்லை என்பதால் பல குழுக்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட 415இல் சமாதானம் செய்துகொள்கின்றன. வேறு வழியில்லாதபோது அது ஏற்கத்தக்கதே. அந்நிலையில் நாயகன் பாத்திரத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது அதே சுருதியில் முழு அங்கத்தையும் பாடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பாடலை மட்டும் கேட்டு முடிவெடுத்தால், அரங்கேற்றத்தன்று நான்காம் அங்கத்தில் குரல் கைவிட்டுவிடும். பாடகர் குழுவிலும் இரண்டாம் குரலைப் பாடியவர்கள் ஆண்கள்தாம். அவ்விடத்தில் பெண்களை நிறுத்தினால் ஒலியின் நிறமே மாறிவிடுகிறது.

கர்நாடக இசையில் கமகம் முழுவதும் சுரக்குறிப்பில் எழுதப்படுவதில்லை என்பதை அறிந்த வாசகருக்கு, பிரெஞ்சுப் பிரதியை விளக்குவது எளிது. அங்கும் எழுதியது எலும்புக்கூடு மட்டுமே. சுரத்தின் மேல் ஒரு சிறு சிலுவைக் குறி இருந்தால், மேற்சுரத்திலிருந்து தொடங்கி அசைக்க வேண்டும் என்பது பொதுவான பொருள். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதைச் சொல்லின் உணர்ச்சி தீர்மானிக்கிறது. சமமாக எழுதப்பட்ட அரைக்கால் சுரங்கள் அடுத்தடுத்த படிகளில் நடக்கும்போது, முதலாவதை நீட்டியும் இரண்டாவதைக் குறுக்கியும் வாசிப்பது மரபு. எந்தத் தாளத்தில் எந்த மதிப்புள்ள சுரங்கள் அப்படி அசையும் என்பதற்கு விதிகள் உண்டு. ஆசிரியர் 'சமமாக' என்று எழுதியிருந்தாலோ, சுரங்களின்மேல் புள்ளிகள் இட்டிருந்தாலோ அந்த அசைவு கிடையாது. வில் பிடிப்பதைப் பற்றி ஐயமிருந்தால், 1698இல் இசையமைப்பாளர் கேயோர்க் மூஃபாத் எழுதிவைத்த விளக்கம் இன்றும் கைகொடுக்கிறது: தாளத்தின் முதல் அடி கீழ்நோக்கிய வில்லில் விழ வேண்டும், நடன இசையின் துள்ளல் அதிலிருந்தே வருகிறது.

பேச்சும் பாட்டுமாகச் செல்லும் ரெசிடேட்டிவ் பகுதிகளில்தான் புதிய குழுக்கள் அதிகம் தடுமாறுகின்றன. பிரதியைப் பார்த்தால் ஓர் அடி நான்கு தாளம், அடுத்த அடி மூன்று, அதற்கடுத்து இரண்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். நடத்துநர் ஒவ்வோர் அடியையும் கையால் அளந்து காட்டத் தொடங்கினால் எல்லாம் நொண்டும். அந்தத் தாள மாற்றங்கள், பிரெஞ்சுச் செய்யுளின் அழுத்தம் விழும் அசையைத் தாளத்தின் முதல் எண்ணிக்கையில் கொண்டுவந்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. எனவே முதல் வாரங்களில் இசையை மூடிவைத்துவிட்டு, பாடகர்கள் லிப்ரெட்டோவை (ஓபராவின் பாடல்வரிகள் அடங்கிய நூல்) நாடகச் செய்யுளாக உரக்கப் படித்துப் பழக வேண்டும். பேச்சில் விழுங்கப்படும் சொல்லிறுதி உயிரொலி பாட்டில் தனி அசையாக ஒலிக்கும் என்பதையும் அப்போதே நாவில் ஏற்றிவிட வேண்டும். பிறகு பேஸ் வாசிப்பவரை மட்டும் அருகில் உட்காரவைத்துப் பாடினால், தாளமாற்றம் யாருக்கும் தெரியாமலேயே நிகழ்ந்து செல்லும். பதினெட்டாம் நூற்றாண்டு உச்சரிப்பை அப்படியே மீட்டெடுப்பதா என்ற விவாதம் தனி. தாய்மொழியாகப் பிரெஞ்சு பேசாத பாடகர்களைக் கொண்ட குழு, இன்றைய உச்சரிப்பைத் தெளிவாகக் கற்பதிலேயே தன் நேரத்தைச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

நடனத்தை வெட்டாதீர்கள்

நேரமும் பணமும் இடிக்கும்போது தயாரிப்பாளரின் கத்தரிக்கோல் முதலில் நடனங்களின் மீதே பாயும். இதை எதிர்த்து நில்லுங்கள். இத்தாலிய ஓபராவுக்குத் தனிப்பாடல் எப்படியோ, பிரெஞ்சு ஓபராவுக்கு நடனம் அப்படி. ஒவ்வோர் அங்கத்திலும் வரும் நடனப் பகுதியில்தான் ஆர்க்கெஸ்ட்ராவின் மிகச் சிறந்த இசை இருக்கிறது. அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது காதலர்களின் நீண்ட முறையீடு மட்டுமே. 1700இல் நடன ஆசிரியர் ஃபெய்யே வெளியிட்ட நடனக் குறிப்பு முறையில் எழுதப்பட்ட நடனங்கள் முந்நூறுக்கும் மேல் கிடைத்துள்ளன; ஆனால் ராமோவின் ஓபராக்களுக்கு அந்த வகையில் கிடைப்பது மிகச் சொற்பம். எனவே பழைய அடவுகளை மீட்பது என்ற பேச்சு பெரும்பாலும் புதிதாக அமைப்பதிலேயே முடிகிறது. அப்படியானால் துணிந்து புதிதாகவே அமைக்கலாம்.

அதற்குச் சான்று 'லே ஸாந்த் கலாந்த்' (1735). பெயரில் இந்தியா இருந்தாலும் கதை நிகழ்வதோ துருக்கி, பெரு, பாரசீகம், வட அமெரிக்கா ஆகிய இடங்களில். அதன் வட அமெரிக்கப் பகுதியின் புகழ்பெற்ற நடனம், 1725இல் லூயிசியானாவிலிருந்து பாரிஸுக்கு அழைத்துவரப்பட்ட பூர்வகுடியினர் இருவர் ஆடியதைக் கண்டு ராமோ எழுதிய ஹார்ப்சிகார்ட் இசையிலிருந்து பிறந்தது. 2019இல் பாரிஸின் பஸ்தீய் அரங்கில் கிளெமான் கொஜிதோர் இயக்க, பிந்து தெம்பெலே நடனம் அமைத்தபோது, அந்த இசைக்குத் தெரு நடனக் கலைஞர்கள் கிரம்ப் ஆடினார்கள். ஐரோப்பியர் பிறரை எப்படிப் பார்த்தார்கள் என்ற சங்கடமான கேள்வியை மேடை மறைக்கவில்லை. இசையோ ராமோவினுடையதாகவே இருந்தது. இப்படிப்பட்ட கதைகளைத் தொடுவோர் தோல்நிற மைப்பூச்சையும் இறகுக் கிரீடத்தையும் மீண்டும் கொண்டுவராமல், நடனக் கலைஞர்களோடு தொடக்கத்திலிருந்தே கலந்து பேசி வடிவமைக்க வேண்டும்.

வெட்ட வேண்டுமானால் முன்னுரையைப் பாருங்கள். பல முன்னுரைகள் மன்னரைப் புகழவோ போர் முடிந்ததைக் கொண்டாடவோ எழுதப்பட்டவை. ராமோவே 'சொரோவாஸ்த்ர்' (1749) ஓபராவில் முன்னுரையைக் கைவிட்டு, தொடக்க இசையிலேயே கதையை உணர்த்தினார். 'காஸ்தோர் எ பொல்யுக்ஸ்' 1754இல் திருத்தப்பட்டபோதும் முன்னுரை போய்விட்டது. எனவே அதை நீக்குவதற்கு ஆசிரியரின் முன்னுதாரணமே இருக்கிறது. வைத்துக்கொள்வோர் அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்: 2013இல் கிளைண்ட்போர்ன் விழாவின் 'இப்போலித் எ அரிசி' நிகழ்ச்சியில், கற்புக் கடவுளான தியானாவின் உலகத்தைப் பெரியதொரு குளிர்சாதனப் பெட்டியின் உட்புறமாகக் காட்டி, குளிர்ச்சிக்கும் காமத்துக்கும் நடக்கும் வழக்கைத் திரை விலகிய உடனேயே புரியவைத்தார்கள்.

மெழுகுவர்த்தி ஒளி, அக்கால உடை, கைமுத்திரைகள் ஆகியவற்றுடன் பழைய மேடையை அப்படியே எழுப்புவதா, இன்றைய உடையில் நடத்துவதா என்பதில் ஒரே விடை கிடையாது. 2008இல் லூலியின் 'காத்முஸ் எ எர்மியோன்' மெழுகுவர்த்தி ஒளியில் வெற்றி பெற்றது. 1999இல் லோரான் பெல்லி இயக்கிய 'பிளாத்தே' இன்றைய நகைச்சுவையில் வெற்றி பெற்றுப் பலமுறை திரும்ப மேடையேறியது. லூலியின் 'அதீஸ்' 1676ஆம் ஆண்டைச் சேர்ந்ததாயினும், 1987இல் இசை நடத்துநர் வில்லியம் கிறிஸ்டியும் இயக்குநர் வில்லெழியேவும் அதைக் கொண்டுவந்த முறை இந்தத் துறைக்கே பாதை வகுத்தது. அவர்கள் கதை கேட்ட தேர்களையும் மேகங்களையும் கைவிட்டு, முழு நாடகத்தையும் பதினான்காம் லூயி மன்னரின் கடைசிக் காலத்து அரண்மனையின் இருண்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்தினார்கள். மேடை எந்திரங்களுக்கான பணம் இல்லாத சிறு குழு இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

உரிமைகளும் கணக்குகளும்

ஆசிரியர் இறந்து இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டதால் உரிமைச் சிக்கல் எதுவும் வராது என்று எண்ணுவது ஆபத்து. இதுவரை வெளிவராத பழைய படைப்பை முதன்முதலில் சட்டப்படி வெளியிடுபவருக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 25 ஆண்டுக்கால உரிமை அளிக்கிறது. பதிப்பாசிரியரின் உழைப்புக்கும் தனி உரிமை எழலாம்: லலாந்த் என்ற பிரெஞ்சு ஆசிரியரின் இசையைத் திருத்திப் பதிப்பித்த லயனல் சாக்கின்ஸ், ஹைப்பீரியன் ஒலித்தட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அந்தப் பதிப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதால், வாடகைப் பிரதியைப் பெறும் ஒப்பந்தத்திலேயே ஒலிப்பதிவுக்கும் இணைய ஒளிபரப்புக்கும் எவ்வளவு கட்டணம், யார் பெயர் எங்கே இடம்பெற வேண்டும் என்பவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நடு வரிகளைப் புதிதாக எழுதித் தந்தவரோடும் அதே போன்ற ஒப்பந்தம் வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு 'அதீஸ்' ஓர் எடுத்துக்காட்டு. பல ஆண்டுகளுக்கு முன் அதைப் பார்த்து மனம் பறிகொடுத்த ரொனால்ட் ஸ்டான்டன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர், 2011இல் அது மீண்டும் மேடையேறப் பொருளுதவி செய்தார். எல்லோருக்கும் அப்படியொரு புரவலர் அமையமாட்டார். தனியொரு குழு முழுச் செலவையும் சுமப்பதைவிட, இரண்டு மூன்று விழாக்களோடு கூட்டாகத் தயாரித்து, ஒரே காட்சியமைப்பையும் உடைகளையும் பகிர்ந்துகொண்டு, ஒத்திகை முடிந்த கையோடு ஒலிப்பதிவையும் செய்துவிடுவதே நடைமுறையில் கட்டுப்படியாகும் வழி. பார்வையாளருக்கு வழங்கும் கையேட்டில் எந்தப் பதிப்பைப் பின்பற்றியிருக்கிறீர்கள், எவற்றை வெட்டியிருக்கிறீர்கள், எந்தச் சுரங்கள் புதிதாக எழுதப்பட்டவை என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக அச்சிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் உங்கள் செயல்பிரதியின் படி ஒன்றை, பிழைதிருத்தப் பட்டியலோடு, மூலப் பிரதி இருக்கும் நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.